தீ வைப்பதற்காகக் கட்டிய தெரு

தீ வைப்பதற்காகவே கட்டிய அந்தத் தெருவில் முதன்முதலாகக் குடியேறியவர்கள், அந்தச் சினிமா செட்டுக்குக் காவல் இருந்த தனகோட்டியும் அவன் மனைவி கன்னியம்மாவும்தான். அக்கினி நட்சத்திர வெயிலில் காவல் கொட்டகையின் தகரக் கூரை தோசைக்கல்லாகக் காய்ந்ததால், நிறைமாதமாக இருந்த கன்னியம்மா நிழல் தேடி எதிரே இருந்த பச்சைக் கதவைத் தள்ளினாள். அந்தக் கதவுக்குப் பின்னால் சவுக்குக் கம்புகளும் கட்டுக்கம்பியும் கருவேல முள்ளும் தவிர வேறு எதுவும் இருக்க நியாயமில்லை. அந்தச் சுவர்களை ஒட்டுப்பலகையில் அடித்துப் பெயிண்ட் பூசியவர்களுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தவனே தனகோட்டிதான். ஆனால் கதவு திறந்தபோது உள்ளே ஒரு கூடம் இருந்தது, கூடத்துக்கு அந்தப் பக்கம் சமையலறை இருந்தது, சமையலறையில் மேடையும் மேடைக்கு மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடியும் குழாயும் இருந்தன. கன்னியம்மா சோற்றுப்பானையை மேடைமேல் இறக்கிவைத்தாள். "குழாய்க்கு வாஷர் போயிருக்குது பாரு" என்று புருஷனிடம் சொன்னாள். மறுநாள் தனகோட்டி குன்றத்தூர் கடைத்தெருவுக்குப் போய் வாஷர் வாங்கிவந்து மாட்டினான்.

அந்தத் தெருவின் சொந்தக்காரரான நடிகர் ஜெயதீபனுக்கு இது எதுவும் தெரியாது. அவர் அப்போது வளசரவாக்கத்து வீட்டில், ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுப் படுத்துக் கிடந்தார்.

திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழியில் பூவலிங்கமாகப் பிறந்து, கோடம்பாக்கத்துக்கு வந்து ஜெயதீபனாகி, ஒரு காலத்தில் தென்மாவட்டத்துத் தியேட்டர்களில் சீட்டு கிடைக்காமல் ஜனங்களைத் திருப்பி அனுப்பவைத்தவர் அவர். அவரிடம் பெரிய அழகு கிடையாது, சண்டைக்காட்சியில் கால் சரியாக எழும்பாது. ஆனால் ஒரு செட்டுக்குள் அவரை விட்டால் அது வீடாகிவிடும் என்று டைரக்டர்கள் சொல்வார்கள். அட்டைச் சுவரில் சாய்ந்து அவர் அழுதால், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் விழித்துக்கொண்டு கேட்பதுபோல் இருக்கும். ஒருமுறை படப்பிடிப்பு முடிந்து செட்டைப் பிரிக்க வந்த ஆட்கள், அவர் கூடத்துக் கட்டிலில் அசந்து தூங்குவதைக் கண்டு, எழுப்ப மனமில்லாமல் அவரைச் சுற்றியிருந்த சுவர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு போனார்கள். விழித்துப் பார்த்தபோது ஸ்டூடியோவின் வெட்டவெளியில் கட்டிலோடு தனியாகக் கிடந்தார்.

காலம் மாறி, கதாநாயகன் அண்ணனாகி, அண்ணன் போலீஸ் அதிகாரியாகி, போலீஸ் அதிகாரி அப்பாவாகி, கடைசியில் மாலை போட்ட போட்டோவாகச் சுவரில் தொங்கச் சொல்லி ஒரு கம்பெனி கூப்பிட்டபோது, அவர் தானே தயாரிப்பாளராவது என்று முடிவுசெய்தார். ஒரு தெருவின் கதை. அதில் அவரே கதாநாயகன். கடைசிக் காட்சியில் தெரு முழுக்கப் பற்றி எரியும். அதற்காகத்தான் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் பொட்டல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, இரண்டு பக்கமும் வீட்டு முகப்புகளாக, நடுவில் ஒரு பிள்ளையார் கோயிலோடு, அந்தத் தெருவைக் கட்டினார்.

முதலாளியான நாளிலிருந்து அவர் கண்ணுக்கு எல்லாம் பலகையாகத் தெரியத் தொடங்கியது. வாசற்படியில் நின்று கண் கலங்க வேண்டிய காட்சியில், நிலைக்குப் போட்ட மரம் தேக்கா வேம்பா என்று விரலால் தட்டிப் பார்த்தார். கண்ணீர் வரவில்லை. கிளிசரின் விட்டு எடுத்தார்கள். "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று டைரக்டர் கேட்டார். "அந்தச் சுவருக்கு ஆணி ஜாஸ்தியா அடிச்சிருக்காங்க" என்றார் இவர்.

தீக்காட்சி மட்டும் மிச்சம் இருக்கும்போது, படத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர்கள் பின்வாங்கினார்கள். படம் நின்றது. வளசரவாக்கத்து வீடு கைமாறியது. அவர் மனைவி சுகந்தி சண்டை போடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் வெளியூர்ப் படப்பிடிப்பில் இருந்த நாட்களே அதிகம் என்பதால், தனியாகச் சாமான் கட்டுவது அவளுக்குப் பழகியிருந்தது. பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பும்போது, "படம் முடிஞ்சதும் வந்து கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மிஞ்சியிருந்த யூனிட் வேனில் ஒரு பெட்டியை ஏற்றிக்கொண்டு, பலகைகளையாவது பிரித்து விற்கலாம் என்று அவர் செட்டுக்கு வந்தபோது, தெருவில் மீன் குழம்பு வாசனை அடித்தது. வாசல்களில் கோலம் இருந்தது. மொட்டைமாடி என்று பெயருக்கு வைத்திருந்த கைப்பிடிச் சுவரில் ஒரு பெண் போர்வை உதறிக்கொண்டிருந்தாள். அவள் நிற்பதற்கு அங்கே தளமே கிடையாது.

தனகோட்டி குடும்பத்தைப் பார்த்து, வாடகை ஏறிப்போன லைட்மேன் ஒருவர் தன் ஆட்களோடு வந்திருந்தார். அவரைப் பார்த்துத் தையல்காரர் ஒருவரும், அவர் சொல்லி ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தியும், அப்புறம் யார் சொல்லி யார் வந்தார்கள் என்றே தெரியாமல் பலரும் வந்திருந்தார்கள். வீட்டு எண்களை ஆர்ட் டைரக்டர் அழகுக்காக மனம்போனபடி எழுதியிருந்ததால் தபால்காரர் முதலில் திண்டாடினார், பிறகு பழகிக்கொண்டார். அட்டைத் தெருவிளக்குகள் தாமாக எரிவதைக் கண்ட மின்வாரிய லைன்மேன், அனுமதியில்லாமல் கொக்கி போட்டிருப்பதாகச் சத்தம் போட்டு, கொக்கி எங்கேயும் இல்லாததால் மீட்டர் மாட்டிவிட்டுப் போனார். பிளாஸ்டர் பிள்ளையாருக்கு வெள்ளிக்கிழமைதோறும் குன்றத்தூரிலிருந்து ஒரு குருக்கள் சைக்கிளில் வந்தார். உள்ளே அறைகள் எப்படி வந்தன என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கூரை கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது, துணி காயப்போட இடம் போதவில்லை என்பதுதான் பேச்சாக இருந்தது. கதவு வைக்காமல் வெறுமனே கதவை வரைந்து வைத்திருந்த ஒரு வீடு காலியாகக் கிடந்தது. அதுவும் எப்போதாவது திறக்கும் என்று நம்பி ஒருவர் தினமும் வந்து தள்ளிப் பார்த்துவிட்டுப் போனார்.

கன்னியம்மா இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்தாள். "வாங்க மொதலாளி. வெயில்ல நிக்கறீங்களே, உள்ள வாங்க."

அவர் பச்சைக் கதவைத் தள்ளி, குனிந்து, உள்ளே கால் வைத்தார். காலில் முள் குத்தியது. சவுக்குக் கம்புகள் சாய்வாக முட்டுக் கொடுத்து நின்றன, ஒரு வெள்ளாடு கருவேலங்காயை மென்றுகொண்டிருந்தது, அதற்கப்பால் பொட்டல், அதற்கப்பால் ஏரிக்கரை. திரும்பிப் பார்த்தால் பெயிண்ட் பூசாத பலகையின் முதுகு. சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது கன்னியம்மா வாசலில் நின்று, "இப்பத்தானே உள்ள வந்தாரு, எங்க போனாரு?" என்று தேடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த கதவைத் தள்ளினார். அதற்கடுத்ததையும் தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டு போய்ப் பார்த்தார், பின்பக்கமாக நடந்து பார்த்தார், லைட்மேனும் தனகோட்டியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கூட்டிப்போயும் பார்த்தார்கள். அவர்கள் கூடத்தில் நின்றார்கள், அவர் முள்ளில் நின்றார். நீச்சல் தெரியாதவரைப் பற்றிச் சொல்வதுபோல, "மொதலாளிக்கு உள்ள போக வராது" என்று தெரு அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. அவருக்குச் சாப்பாடு வெளியே வந்தது. ஒரு நாள் ஒரு வீடு என்று முறைவைத்து, தட்டை அவர் தங்கியிருந்த வேனில் கொண்டுவந்து வைத்தார்கள். பலகை விற்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை. பகலில் தெருவில் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக நடப்பார். வீடுகளுக்குள்ளிருந்து சிரிப்பும், ரேடியோவும், தாளிக்கும் சத்தமும் வரும். வாசலில் அவர் தலை தெரிந்தால் மரியாதைக்காக ரேடியோவைக் குறைப்பார்கள். அதனால் அவர் வாசல்களை விட்டுத் தள்ளி, தெருவின் நட்டநடுவில் நடக்கப் பழகினார்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் ஆட்டோவில் சுகந்தி வந்து இறங்கினாள். அண்ணன் மகனுக்குக் கல்யாணமாகி வீட்டில் இடம் இல்லாமல் போயிற்று என்றாள். கன்னியம்மா பெட்டியை வாங்கிக்கொண்டு, நீல ஜன்னல் வைத்த வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போனாள். படத்தில் அதுதான் கதாநாயகனின் வீடு. மொதலாளியின் வீடு என்று அதில் யாரும் குடியேறாமல் விட்டுவைத்திருந்தார்கள்.

"ஏங்க, உள்ள நல்லாக் காத்து வருது" என்று சுகந்தியின் குரல் கேட்டது. "வாங்களேன்."

அவர் போனார். முள்தான். சுற்றிக்கொண்டு வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். ஜன்னலின் சட்டத்துக்குள் அவள் முகமும் தோளும் தெரிந்தன, அவள் முதுகுக்குப் பின்னால் பொட்டலும் ஆடுகளும் தெரிந்தன. அவள் சட்டத்தைவிட்டு விலகியபோது அங்கே அவள் இல்லை. சற்றுப் பொறுத்து ஒரு கை வந்து காபி டம்ளரை நீட்டியது. சூடாக இருந்தது.

"எங்க நின்னு போட்டே?"

"அடுப்புலதான். வேற எங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியல சுகந்தி."

"கேள்விப்பட்டேன்" என்றாள் அவள். "கன்னியம்மா சொன்னா."

அதற்குப் பிறகு தினமும் காலையிலும் மாலையிலும் அவர் ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார், அவள் உள்ளே நின்றாள். கூடத்துச் சுவர் என்ன நிறம் என்று கேட்பார், இளம் மஞ்சள் என்பாள். படுக்கையறை எந்தப் பக்கம் என்பார், வலது பக்கம் என்பாள். வளசரவாக்கத்து வீட்டில் ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷத்தில் பேசாத பேச்சையெல்லாம் அந்த ஜன்னலில் பேசினார்கள். ஆனாலும் விளக்கு வைத்தபின் கொசு வரும் என்று அவள் ஜன்னலைச் சாத்துவாள். கொண்டி விழும் சத்தம் கேட்டதும் அவர் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போவார். அந்தச் சத்தம் மட்டும் அவருக்குக் கடைசிவரை பழகவே இல்லை.

தைமாதம் முடியும்போது ஈரோட்டிலிருந்து விநியோகஸ்தர் தண்டபாணி காரில் வந்தார். எடுத்தவரைக்கும் படத்தைப் போட்டுப் பார்த்து, தியேட்டரிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டவர் அவர். "இந்தப் படம் ஓடுமுங்க" என்றார். "அந்த மூஞ்சிய ஜனம் இன்னொருக்காப் பாக்கோணும். தீக்காட்சிக்கு ஆகறத நான் பாத்துக்கறேன். நீங்க நெருப்பு வச்சுக் குடுத்தாப் போதும்."

கன்னியம்மா அவரை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். அவர் பச்சைக் கதவுக்குள் சாதாரணமாகப் போய், சாதாரணமாக வெளியே வந்து, வாயைத் துடைத்துக்கொண்டார். "வீடு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். "ஆனா செட்டுங்களே. எரிக்கறதுக்குன்னு கட்டுனதுதானுங்களே. இவங்களுக்கு வேற எடம் பாத்துக் குடுத்துரலாமுங்க."

ஜெயதீபனுக்குத் தன் முகம் திரையில் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை, ஏதோ ஒரு ஊரில், விளக்கணைந்த தியேட்டரில் முன்பின் தெரியாத ஜனம் தன்னைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொள்வது ஒருமுறை மனசில் வந்து போயிற்று. அதற்குப் பிறகு வேறு எதையும் அவரால் நினைக்க முடியவில்லை. சரி என்றார்.

தெருவில் யாரும் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குச் சிரமமாக இருந்தது. "நீங்க எரிக்கக் கட்டுனது மொதலாளி, தெரிஞ்சுதான் வந்தோம்" என்றான் தனகோட்டி. "கெளம்புறது எங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்ல." தையல்காரர் மெஷினைக் கழற்றித் துணியில் சுற்றினார். ஆஸ்பத்திரி ஆயா பிள்ளையாரைப் பெயர்த்தெடுக்க முடியுமா என்று அசைத்துப் பார்த்தாள்.

ஜன்னலில் அவர் சுகந்தியிடம் கேட்டார். "நீ சொல்லு. அங்க உள்ள நெசமாவே வீடு இருக்கா?"

"நான் இருக்குன்னு சொன்னா ஒங்களுக்கு முள்ளு மறைஞ்சிருமா?" என்றாள் அவள். "ஒங்க படம். நீங்கதான் சொல்லணும்."

தீக்காட்சி அன்று கேமராக்கள் வந்தன, டீசல் கேன்கள் வந்தன, தீயணைப்பு வண்டி ஒன்று ஓரமாக நின்றது. பழைய காட்சிகளோடு ஒட்ட வேண்டும் என்று அவர் முகத்தில் வயதை மறைத்து மேக்கப் போட்டு, பழைய சட்டையை வயிற்றை எக்கிக்கொண்டு மாட்டவைத்தார்கள். தெரு ஜனம் மூட்டை முடிச்சுகளோடு ஏரிக்கரையில் போய் வரிசையாக உட்கார்ந்து, வேடிக்கை பார்க்கத் தோதாக நிழல் பிடித்துக்கொண்டார்கள். சுகந்தி மட்டும் அங்கே இல்லை.

உதவி டைரக்டர் ஒருவர் நீல ஜன்னல் வீட்டுக்குள் போய்விட்டு வந்தார். "பாத்திரம் கழுவிட்டு வர்றேன்னாங்க."

எல்லாரும் காத்திருந்தார்கள். வெளிச்சம் சாயத் தொடங்கியது. கேமராமேன் வானத்தைப் பார்த்தார், தண்டபாணி கடிகாரத்தைப் பார்த்தார். ஜெயதீபன் அந்த வீட்டு வாசலில் நின்றார். ஒட்டுப்பலகைக்குப் பின்னாலிருந்து தட்டு தேய்க்கும் சத்தம் வந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தது. தேய்த்ததைக் கவிழ்க்கும் சத்தம். பிறகு அடுத்தது. அவசரமே இல்லாமல், யாருமில்லாத வீட்டில் ஒருத்தி தனக்காக மட்டும் வேலை செய்கிற சத்தம் அது. இத்தனை வருஷம் தான் ஊர் ஊராகப் போய் அட்டை வீடுகளில் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, தன் வீட்டில் தினமும் கேட்டது இந்தச் சத்தம்தான் என்று அவருக்குத் தோன்றியது. அவர் இதற்கு முன் அதைக் கேட்டதே இல்லை. கேட்டுக்கொண்டே நின்றார். மேக்கப் வழிவதைப் பார்த்து டச்சப் ஆள் ஓடிவந்து, வியர்வை என்று நினைத்து ஒற்றப்போய், கண்ணைப் பார்த்ததும் துணியைக் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டான்.

சுகந்தி முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். "நேரமாயிட்டோ?"

"எரியப்போற வீட்டுக்கு எதுக்குப் பாத்திரம் கழுவுதே?"

"எரிஞ்சாலும் அழுக்குப் பாத்திரத்தோடயா எரியணும்?"

அவர் திரும்பி, தண்டபாணியிடம் நடந்துபோனார். "அண்ணே, வேண்டாம்."

"நாளைக்கு வச்சுக்கலாமுங்களா?"

"என்னைக்கும் வேண்டாம். உள்ள வீடு இருக்கு."

தண்டபாணி காரின் கதவைத் திறந்தார். "நாந்தான் அன்னைக்கே சொன்னேனுங்களே, வீடு நல்லா இருக்குதுன்னு" என்றார். வருத்தமாகத்தான் காரில் ஏறினார். படம் பெட்டியோடு நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு ஜெயதீபனை வைத்து யாரும் எதையும் எடுக்கவில்லை.

தெரு ஜனம் மூட்டைகளோடு திரும்பி வந்தார்கள். எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டுமே என்று அலுத்துக்கொண்டார்கள். வெயிலில் வைத்துப் பால் திரிந்துவிட்டதாகக் கன்னியம்மா குறைபட்டாள். ஜெயதீபன் முகத்தைக் கழுவிவிட்டு நீல ஜன்னல் வீட்டை நோக்கி நடந்தபோது, எல்லாரும் தங்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். இனிமேல் அவருக்கும் திறந்துவிடும் என்று எல்லாருக்கும் தோன்றியிருந்தது. அவருக்கும் தோன்றியிருந்தது. சுகந்தி கதவை விரியத் திறந்துவைத்து, ஒதுங்கி நின்றாள்.

அவர் உள்ளே காலெடுத்து வைத்தார். முள் குத்தியது.

சவுக்குக் கம்பு, கட்டுக்கம்பி, ஆட்டுப் புழுக்கை, பொட்டல். தெருவில் யாரோ மெதுவாகக் கதவைச் சாத்திக்கொள்வது கேட்டது, பிறகு இன்னொருவர். பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டதுபோல எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள்.

எப்போதும் உடனே சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுகிறவர், அன்று வரவில்லை. முட்டுக் கம்புகளுக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்தார். காற்று நின்றது. பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெருமூச்சு கேட்டது.

"சுகந்தி" என்றார்.

"எங்க இருக்கீங்க?"

"முள்ளுக்குள்ள. நீ எங்க நிக்கே?"

"அடுப்புப் பக்கத்துல."

"அப்போ இது சமையக்கட்டு."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எந்திரிங்க" என்றாள். "அப்படியே நேரா வாங்க. நான் பேசிட்டே நடக்கேன்."

அவள் குரல் போன பக்கம் அவர் போனார். இது கூடம் என்றாள், இது நிலைப்படி, தலை இடிக்கும், குனியுங்க என்றாள். அவர் வெட்டவெளியில் குனிந்தார். அடுத்த நாள் தனகோட்டியிடம் அரிவாள் வாங்கி, அவள் சொல்லச் சொல்ல முள்ளை வெட்டி, கூடம் இருந்த இடத்தைக் கூடத்தின் அளவுக்கும் படுக்கையறை இருந்த இடத்தைப் படுக்கையறையின் அளவுக்கும் சுத்தம் செய்தார். வேனிலிருந்த கட்டிலைத் தூக்கிவந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் என்று அவள் சொன்ன இடத்தில் போட்டார். ஆடுகள் மட்டும் சுவர்களைப் பொருட்படுத்தாமல் வந்துபோயின. தெருக்காரர்கள் அவரைத் தேடிவந்தால் சுகந்தி கூடத்தில் நின்று, "உள்ளதான் இருக்காங்க, சத்தமாச் சொல்லுங்க, கேக்கும்" என்றாள். அவர்களும் காலியான நாற்காலியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சாப்பாட்டுத் தட்டு மட்டும் ஜன்னல் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. அதை வாங்கிக்கொண்டு அவர் சுற்றி வருவதற்குள் சில நாள் ஆறிவிடும்.

ஒரு புரட்டாசிப் பகலில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஓட்டின்மேல் விழும் சத்தம் சுகந்திக்குக் கேட்டது.

"நனையுதீங்களா?"

"லேசாத்தான்."

"வேனுக்குப் போங்களேன்."

"இருக்கட்டும்."

அவள் எழுந்துபோகும் காலடி கேட்டது. பீரோ திறந்து மூடியது. பிறகு, தன் தலைக்குச் சற்று மேலே, குடை விரியும் சத்தம் அவருக்குக் கேட்டது. மழை முன்பு பெய்த மாதிரியேதான் அவர்மேல் பெய்துகொண்டிருந்தது. அவர் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, அவள் உட்கார இடம் விட்டார்.